நான்குவழிச் சாலைக்குப் புதியவரா? ரோட்டில் கிடப்பதைப் பற்றியும் டயரைப் பற்றியும் கொஞ்சம்

டிரைவிங் ஸ்கூலில் எட்டு போடச் சொல்லித் தருகிறார்கள். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொல்லித் தருகிறார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நடுரோட்டில் ஒரு கருங்கல் கிடந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. நான் அதைக் கற்றது உளுந்தூர்பேட்டையைத் தாண்டி, விடியற்காலை நாலரை மணிக்கு.

முந்தைய இரவு அங்கே ஏதோ ஒரு லாரி பழுதாகி நின்றிருக்க வேண்டும். பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று நாலைந்து கல்லையும் ஒரு வேப்பங்கிளையையும் வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் லாரி போய்விட்டது. கல் போகவில்லை. ஹெட்லைட் வெளிச்சத்தில் அது தெரிந்த நொடியில் என் கை தானாக ஸ்டீயரிங்கை வலப்பக்கம் வெட்டியது. வண்டி மீடியன் அரளிச் செடிகளை உரசுகிற அளவுக்குப் போய், திரும்ப இடப்பக்கம் ஆடி, எப்படியோ நேரானது. பக்கத்தில் இருந்த அம்மா பெரம்பலூர் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தக் கல்லின் மேலேயே ஏற்றியிருந்தால் ஒரு டயர் போயிருக்கும், மிஞ்சிப்போனால் ஒரு ரிம். நான் செய்த காரியத்தில் வண்டியே உருண்டிருக்கலாம். இது என் ஒருவனுடைய கதை இல்லை. அமெரிக்காவில் ட்ரிபிள் ஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கத்தின் சாலைப் பாதுகாப்பு ஆய்வுப் பிரிவு 2016இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2011 முதல் 2014 வரையிலான நான்கு ஆண்டுகளில், ரோட்டில் கிடந்த பொருள்களால் அந்த நாட்டில் இரண்டு லட்சத்துக்கு மேல் விபத்துகள் நடந்திருக்கின்றன, 500 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். அந்தச் சாவுகளில் சுமார் 37 சதவீதம், பொருளில் மோதாமல் இருக்க ஓட்டுநர் சட்டென்று வண்டியை வெட்டியதால் வந்தவை. எனவே புதிதாக ஹைவேயில் இறங்குகிறவர்கள் முதலில் பழக்க வேண்டியது கையைத்தான். மற்றவற்றை வீட்டு வாசலிலிருந்தே தொடங்கலாம்.

கிளம்புவதற்கு முந்தின நாள்

ஓடும்போது வெடித்த டயர்களில் பெரும்பாலானவை ஒரே நொடியில் கெட்டவை இல்லை. காற்றுக் குறைவாக இருக்கும் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் கை சுடுமே, அதே கதைதான். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி வலைக்கும் மேல் ரப்பருக்கும் உள்ள பிடிப்பு மெல்ல விட்டுப்போகிறது. ஊருக்குள் நாற்பதில் ஓட்டும்வரை ஒன்றும் தெரியாது. சித்திரை வெயிலில், ஐந்து பேரையும் டிக்கி நிறையச் சாமானையும் ஏற்றி, நூறில் ஒரு மணி நேரம் ஓட்டினால் தெரியும்.

2000ஆம் ஆண்டில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஃபயர்ஸ்டோன் விவகாரம் இதைச் சேர்ந்ததுதான். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் போட்டிருந்த டயர்களின் மேல்பட்டை ஓட்டத்திலேயே உரிந்து, வண்டிகள் உருண்டன. அந்த ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. டயரின் தயாரிப்பில் குறையா, ஃபோர்டு சொல்லிவைத்த குறைந்த காற்றழுத்தம் காரணமா என்று இரண்டு நிறுவனங்களும் ஒன்றையொன்று கை காட்டிக்கொண்டிருந்தன. அதன் தொடர்ச்சியாக அமெரிக்கா போட்ட சட்டத்தால்தான், காற்றுக் குறைந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும் ஏற்பாடு அங்கே எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது. இன்று நம் ஊர்க் கார்கள் பலவற்றிலும் அது வந்துவிட்டது.

சரி, என்ன பார்க்க வேண்டும்?

முதலில் காற்று. எவ்வளவு வைக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ, பெட்ரோல் மூடியின் உட்பக்கத்திலோ ஒட்டியிருக்கும். இரண்டு பேர் போனால் ஒரு அளவு, முழுச் சுமைக்கு ஒரு அளவு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். ஹைவேக்கு எந்த அளவு என்பதை அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். டயரின் மேலேயே அச்சிட்டிருக்கும் காற்றழுத்த எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு பெட்ரோல் பங்க்கில் அளந்தால் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) கூடவே காட்டும்; அது சூட்டால் வந்தது. “கூட இருக்கு சார், இறக்கிடட்டுமா?” என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். இறக்கிவிட்டால் டயர் ஆறியதும் காற்றுக் குறைவாகத்தான் ஓட்டுவீர்கள்.

சில நூறு ரூபாயில் கையடக்கமான காற்றுமானி கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். பங்கில் இருக்கும் மீட்டர் பலபேர் கைபட்டது. நைட்ரஜன் அடிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அடித்தால் கெடுதல் இல்லை, ஆனால் நைட்ரஜன் அடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் மூன்று மாதம் மீட்டரைத் தொடாமல் இருப்பது கெடுதல்.

இரண்டாவது, பட்டன், அதாவது தரையைத் தொடும் பள்ளமும் மேடுமான ரப்பர். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். அவை எங்கே இருக்கின்றன என்று காட்டுவதற்குப் பக்கச்சுவரில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ ஒரு முக்கோணமோ போட்டிருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால், பள்ளம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று அர்த்தம். சட்டப்படி கார் டயரின் கதை அங்கே முடிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் போகிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். பள்ளம் ஆழமாக இருந்தால்தான் தண்ணீர் வெளியேற வழி இருக்கும், இல்லையென்றால் தேங்கிய நீரின் மேல் வண்டி மிதக்கும்.

மூன்றாவது, வயது. பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளைத் தொடரும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஐந்து வருடம் தாண்டிய டயரை ஆண்டுக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டுவது நல்லது. பத்து வருடம் ஆகிவிட்டால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். பழைய கார் வாங்கியவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். “டயர் அப்படியே புதுசு சார்” என்பார்கள். பட்டன் புதிதாகத்தான் இருக்கும், ரப்பர் கெட்டிப்பட்டு நுண்ணிய வெடிப்பு விட்டிருக்கும்.

நான்காவது, கொப்புளம். குழியில் அடி வாங்கிய டயரின் பக்கச்சுவர் சில நேரம் எலுமிச்சைப் பழம் அளவுக்குப் புடைத்து நிற்கும். உள்ளே நூல் அறுந்துவிட்டது, வெளி ரப்பர் மட்டும் காற்றைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதற்கு ஒட்டு கிடையாது. உட்பக்கச் சுவரிலும் வரும். குனிந்து, கையை உள்ளே விட்டுத் தடவித்தான் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் புதியவர்கள் யாரும் பார்க்காத இடம் இதுதான்.

ஏற்கெனவே போட்ட பஞ்சர்களையும் நினைவில் வையுங்கள். டியூப்லெஸ் டயரில் வெளியிலிருந்து குத்திச் செருகும் ஸ்ட்ரிப், நடுப்பட்டையில் ஆணி ஏறிய சின்ன ஓட்டைக்குத்தான் சரி. நீண்ட பயணத்துக்கு முன், டயரைக் கழற்றி உள்ளிருந்து வைக்கும் மஷ்ரூம் பேட்ச் போட்டுவிடுவது பாதுகாப்பு. ஒருமுறை ஒரு சாலையோரக் கடையில், டயரின் தோளுக்கு, அதாவது நடுப்பட்டையும் பக்கச்சுவரும் சேரும் இடத்துக்கு, பக்கத்தில் இருந்த ஓட்டைக்கு ஸ்ட்ரிப் போட்டுக் கொடுத்தார்கள். “தாங்குமாண்ணே?” என்று கேட்டேன். “மதுரை என்ன சார், கன்னியாகுமரியே போகலாம்” என்றார். திருச்சியைத் தாண்டவில்லை.

ஐந்தாவது, ஸ்டெப்னி. இந்தப் பெயரே வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் இருக்கும் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது; 1900களின் தொடக்கத்தில் அங்கே ஒரு நிறுவனம் மாற்றுச் சக்கரம் செய்து விற்றது. அவர்கள் ஊரில் அந்தச் சொல் மறைந்துபோனாலும் நம் பஞ்சர் கடைகளில் உயிரோடு இருக்கிறது. அதற்கும் காற்று அடிக்க வேண்டும், அதற்கும் வயது பார்க்க வேண்டும். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் டிக்கிக்குள் இருக்கின்றனவா என்பதைக் கையால் தொட்டு உறுதி செய்யுங்கள். 2020ஆம் ஆண்டு விதி மாற்றத்துக்குப் பிறகு, டியூப்லெஸ் டயரும் காற்றழுத்த எச்சரிக்கையும் ரிப்பேர் கிட்டும் இருக்கும் கார்கள் ஸ்டெப்னி இல்லாமலேயே வரலாம். உங்களுடையது அப்படிப்பட்ட வண்டியா என்பதை நடுரோட்டில் டிக்கியைத் திறந்து தெரிந்துகொள்ள வேண்டாம். இருக்கும் ஸ்டெப்னி மற்ற சக்கரங்களைவிட ஒல்லியாக இருந்தால், அது அவசரத்துக்கு மட்டும். வேக உச்சவரம்பு அதன் மேலேயே எழுதியிருக்கும், பெரும்பாலும் 80.

இரண்டு டயர் மட்டும் புதிதாகப் போடுகிறீர்கள் என்றால் பின்பக்கம் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் முன்பக்கம்தான் போட வேண்டும் என்று வாதாடுவார். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், வேகத்தைக் குறைத்தால் பிடி திரும்பும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுற்றும்; அதைப் பிடிக்கப் புதியவர் கைக்குத் தெரியாது.

ரோட்டில் என்னென்ன கிடக்கும்

நம் ஹைவேயில் கிடப்பவற்றுக்கு ஒரு பஞ்சாங்கமே போடலாம்.

லாரிக்காரர்கள் விட்டுப்போன கல்லை ஏற்கெனவே சொன்னேன். இது வருடம் முழுக்க உண்டு, அதிலும் விடிவதற்கு முன் அதிகம். அறுவடைக் காலத்தில் விவசாயிகள் சோளம், உளுந்து, கேழ்வரகு என்று ரோட்டிலேயே காயப்போடுவார்கள். தானியத்தின் மேல் பிரேக் அடித்தால் கோலிக்குண்டின் மேல் நிற்பது போல இருக்கும். அதைவிட, தானியத்தின் மேல் வண்டி ஏறாமல் இருக்கச் சுற்றிலும் வைக்கும் கல்தான் இரவில் ஆபத்து. கொள்ளுச் செடியைக் கொடியோடு பரப்பியிருந்தால் மேலே ஏற்றாதீர்கள். அது அடியில் சுற்றிக்கொண்டு, சூடான சைலன்சரில் பட்டு, வண்டி தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு.

விழுப்புரம் பக்கம் கரும்பு லாரியும் டிராக்டரும் போகும் பருவத்தில் முழுக் கரும்பு கிடக்கும். டிப்பர் லாரியிலிருந்து ஜல்லி சிதறும். தார்ப்பாய் போடாத டிப்பரின் பின்னால் நூறு மீட்டருக்குள் போவது, முன்கண்ணாடியைப் பந்தயம் வைப்பது. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை ஊர் எல்லைகளில் உடைத்த பூசணிக்காய் கிடக்கும். இரண்டு சக்கர வண்டிக்கு அது எண்ணெய்க்குச் சமம்.

அப்புறம் டயர் பட்டை. கறுப்பாக, நீளமாக, செத்த பாம்பு போலச் சுருண்டு கிடக்கும் அது லாரி டயரிலிருந்து உரிந்தது. ரீட்ரெட் செய்த, அதாவது தேய்ந்தபின் புதுப் பட்டை ஒட்டிய டயர் என்றாலே உரியும் என்று பலர் நினைக்கிறார்கள். நன்றாகச் செய்த ரீட்ரெட் ஓடும். காற்றுக் குறைவும் அதிகச் சுமையும் சூடும் சேர்ந்தால் புது டயரும் உரியும். பார்க்க வெறும் ரப்பர் மாதிரி தெரிந்தாலும் அதற்குள் எஃகுக் கம்பி இருக்கிறது, எடையும் அதிகம். முன் பம்பரைப் பிய்த்துவிடும். புதிதாக உரிந்த பட்டையைப் பார்த்தால், அந்த லாரி முன்னால் கொஞ்ச தூரத்தில் தடுமாறிக்கொண்டிருக்கலாம் என்றும் எண்ணிக்கொள்ளுங்கள்.

லாரியின் ஜோடிச் சக்கரங்களுக்கு நடுவே சிக்கிய கல் வேகத்தில் தெறிக்கும். அதனால் லாரிக்கு நேர் பின்னாலும், அதன் சக்கரத்துக்குப் பக்கவாட்டிலும் அதிக நேரம் ஓட்டாதீர்கள். தாண்டுவதாக இருந்தால் தாண்டிவிடுங்கள், இல்லையென்றால் நன்றாகப் பின்தங்கி வாருங்கள்.

சின்னத் துண்டு என்று எதையும் அலட்சியப்படுத்த முடியாது. 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் கான்கார்டு விமானம் விழுந்ததற்குத் தொடக்கம், இன்னொரு விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்து கிடந்த அரை மீட்டருக்கும் குறைவான ஓர் உலோகப் பட்டை. அது டயரைக் கிழித்தது, கிழிந்த ரப்பர் எரிபொருள் தொட்டியைத் தாக்கியது. 113 பேர் இறந்தார்கள்.

ஆணியும் கண்ணாடித் துண்டும் ரோட்டின் நடுவில் தங்குவதில்லை. ஓடும் சக்கரங்களின் காற்று அவற்றை இரண்டு ஓரங்களுக்கும் தள்ளிவிடும். இடது ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியேயும் மீடியனை ஒட்டியும்தான் குவிந்திருக்கும். பைக்கில் போகிறவர்கள் ஓரமாகப் போகச் சொல்லி வளர்ந்தவர்கள். பஞ்சர் அவர்களுக்கே அதிகம் வருவதற்கு இது ஒரு காரணம். காலை நேரத்தில் மீடியனை ஒட்டி, வேகப் பாதையில், அரளிச் செடிக்குத் தண்ணீர் விடும் டேங்கர் நிற்கும். அதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஓட்டும்போது: வெளிச்சமும் இடைவெளியும்

நூறு கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 28 மீட்டர். பொருளைப் பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் 42 மீட்டர் போய்விடும். காய்ந்த ரோட்டில், நல்ல டயரில், நிற்க இன்னும் 45 மீட்டராவது வேண்டும். மொத்தம் 90 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட்டைத் தாழ்த்தி வைத்தால் தரை தெளிவாகத் தெரிவது ஐம்பது, அறுபது மீட்டர். போர்டில் 100 என்று போட்டிருந்தாலும், டிம் லைட்டில் நூறில் போகிறவர் பார்க்காத இடத்துக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறார். எழுபதில் போனால் ஐம்பது மீட்டர் சொச்சத்தில் நிறுத்தலாம். புதியவர்களுக்கு என் யோசனை: முதல் ஆறு மாதம் இரவுப் பயணமே வேண்டாம். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் எழுபது, எண்பதைத் தாண்டாதீர்கள். முன்னால் வண்டி இல்லாத இடங்களில் பிரைட் போடுங்கள். எதிர்ப்புற வெளிச்சத்தை மறைக்கத்தான் நடுவில் அரளி வைத்திருக்கிறார்கள். செடி அடர்த்தியாக இருக்கும் இடத்தில் பிரைட் போட்டால் எதிரில் வருகிறவரை அதிகம் தொந்தரவு செய்யாது.

பகலில் கண்ணை மறைப்பது முன்னால் போகும் வண்டி. அது கல்லைத் தன் இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் விட்டுப் போய்விடும், நமக்கு அது கடைசி நொடியில் காலடியில் தெரியும். முன் வண்டி ஒரு கிலோமீட்டர் கல்லைத் தாண்டும்போது “ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று” என்று எண்ணுங்கள். முடிவதற்குள் நீங்கள் அந்தக் கல்லுக்கு வந்துவிட்டால் இடைவெளி போதாது. மழையில் இன்னும் இரண்டு சேர்த்து எண்ணுங்கள். அந்த இடைவெளியில் யாராவது வந்து நுழைவார்கள். நுழையட்டும், மறுபடி பின்வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊரில் இதை ஒரு பயணத்தில் முப்பது முறை செய்ய வேண்டியிருக்கும்.

முன்னால் போகிற வண்டிகள் வரிசையாக ஒரே இடத்தில் லேசாக ஒதுங்கினால், அங்கே ஏதோ கிடக்கிறது. கிளை நட்டிருந்தால், அதற்குப் பின்னால் லாரி நிற்கிறது.

பொருள் தெரிந்த அந்த இரண்டு நொடி

ஸ்டீயரிங்கை இறுகப் பிடியுங்கள், நேராக வைத்தபடியே பிரேக்கை அழுத்துங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இருந்தால் முழுப் பலத்தோடு மிதிக்கலாம், கால் அடியில் தடதடவென்று தட்டும். பயந்து காலை எடுக்காதீர்கள். வேகம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடியில் பின்னாலும் பக்கத்திலும் பாருங்கள். பக்கத்துப் பாதை காலி என்று தெரிந்தால் மட்டும் மெதுவாக ஒதுங்குங்கள். தெரியவில்லை என்றால் உங்கள் பாதையிலேயே இருங்கள்.

பொருள் தாழ்வாகவும் குறுகலாகவும் இருந்தால் இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் விடலாம். ஆனால் சாதாரணக் காரின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை, 17 சென்டிமீட்டர் சொச்சம்தான். செங்கல் படுத்துக் கிடந்தால் தாண்டும். நிமிர்ந்து நிற்கும் கல், இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் இருக்கும் ஆயில் சம்ப்பை உடைக்கும். அப்படிப்பட்ட கல்லைத் தவிர்க்கவே முடியாது என்றால், ஆயில் சம்ப்பைவிடச் சக்கரம் போவது மேல்.

மேலே ஏறத்தான் போகிறோம் என்று தெரிந்துவிட்டால், ஏறும் கணத்துக்கு முன் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பிரேக் மிதித்திருக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்ந்து கிடக்கும், முன் டயர் இரட்டை அடி வாங்கும். காலை எடுத்தால் மூக்கு நிமிர்ந்து, ஸ்பிரிங் கொஞ்சம் அடியை வாங்கிக்கொள்ளும். குழிக்கும் இதே முறைதான்.

நாய் குறுக்கே வந்தாலும் இதுதான். எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

டயர் வெடித்துவிட்டால்

டமால் என்று சத்தம் கேட்கும், அப்புறம் பட்பட்டென்று ரப்பர் அடிக்கும். முன் டயர் என்றால் ஸ்டீயரிங் அந்தப் பக்கமாக இழுக்கும். பின் டயர் என்றால் வண்டி வால் ஆட்டும்.

அந்தச் சத்தத்துக்கு உடம்பு தானாகக் கொடுக்கும் பதில் பிரேக்கை மிதிப்பது. அதைத்தான் செய்யக் கூடாது. இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து வண்டியை நேராக வையுங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்காமல், வண்டி நேரானதும் மெல்ல மெல்ல விடுங்கள். கிழிந்த டயரே ஒரு பிரேக் மாதிரி இழுத்துக்கொண்டிருக்கும், வேகம் தானாக இறங்கும். வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைக்கும் க்ரூஸ் கண்ட்ரோல் போட்டிருந்தால் சுவிட்சை அழுத்தி எடுத்துவிடுங்கள். ஐம்பதுக்குக் கீழே வந்த பிறகு இடது இண்டிகேட்டர் போட்டு, பிரேக்கை லேசாகத் தொட்டு, ஓரம் கட்டுங்கள்.

ஓரத்தில் இடம் இல்லையா? பாலத்தின் மேலா, வளைவா? நிற்காதீர்கள். மெதுவாக உருட்டிக்கொண்டே அகலமான இடத்துக்குப் போங்கள். ரிம் நசுங்கும், நசுங்கட்டும். மீடியன் பக்கம் மட்டும் ஒருபோதும் ஒதுக்காதீர்கள்.

பைக்கில் வெடித்தால் வெடித்த சக்கரத்தின் பிரேக்கைத் தொடாதீர்கள். மற்றதை மெதுவாக, கடைசியில் பயன்படுத்துங்கள்.

நிறுத்திய பிறகு

ஹைவேயில் நின்ற வண்டியின் மேல் பின்னாலிருந்து வந்து மோதுவது சர்வசாதாரணம். ஆகவே டயரைப் பார்ப்பதற்கு முன் ஆட்களைப் பாருங்கள். நான்கு பக்க இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். தூங்குகிற குழந்தையை வண்டிக்குள் விட்டுவிட்டு டயர் மாற்றாதீர்கள்.

வண்டியோடு வரும் சிவப்பு முக்கோணத்தைக் குறைந்தது ஐம்பது மீட்டர் பின்னால் வையுங்கள். நூறில் வருகிறவருக்கு அது இரண்டு நொடிகூட இல்லை. இடம் இருந்தால் நூறு மீட்டர் வையுங்கள். தடுப்புக்கு வெளியே நடந்து போய், வருகிற வண்டிகளைப் பார்த்தபடி வைக்க வேண்டும். இருட்டாகவோ ஓரம் குறுகலாகவோ இருந்தால், வெடித்தது வலப்பக்கச் சக்கரமாக இருந்தால், நீங்களே மாற்ற முயல வேண்டாம். 1033க்குப் போன் செய்யுங்கள். தேசிய நெடுஞ்சாலைக்கான 24 மணி நேர எண் அது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். மஞ்சள் தலை போட்ட கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணையும், கடைசியாகத் தாண்டிய டோல்கேட்டின் பெயரையும் சொன்னால் போதும். அடிபட்டிருந்தால் 108.

நீங்களே மாற்றுவதாக இருந்தால்: கைபிரேக், கியர், எதிர் மூலைச் சக்கரத்துக்கு முட்டுக் கல். ஜாக்கி தூக்குவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே, நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்திவிடுங்கள். அப்புறம் மேனுவலில் காட்டிய இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கவும். தூக்கிய வண்டிக்கு அடியில் கை கால் எதையும் விட வேண்டாம். மாட்டப்போகும் ஸ்டெப்னியை முதலில் வண்டிக்கு அடியில் படுக்கவைத்தால், ஜாக்கி நழுவினாலும் தாங்கும். மாட்டும்போது நட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக முறுக்கி, இறக்கிய பிறகு ஒருமுறை முழுப் பலத்தோடு இறுக்குங்கள். ஐம்பது கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். நான் ஒருமுறை பார்த்தபோது ஐந்தில் இரண்டு நட்டு கால் சுற்றுச் சுற்றியது.

டயர் வெடிக்கவில்லை, ஆனால் ஏதோ ஒன்றின் மேல் ஏற்றிவிட்டோம் என்றாலும் அடுத்த பங்க்கில் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆயில் விளக்கு எரிந்தால் பங்க் வரைகூடப் போகாதீர்கள், இன்ஜினை அங்கேயே அணைத்துவிடுங்கள். மின்சாரக் காரில் வயிறு முழுக்க பேட்டரி. 2013இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு டெஸ்லா கார் ரோட்டில் கிடந்த உலோகத் துண்டின் மேல் ஏறி, பேட்டரியில் ஓட்டை விழுந்து தீப்பிடித்தது. வண்டியே நிறுத்தச் சொல்லி எச்சரித்ததால் ஓட்டியவர் இறங்கித் தப்பினார். அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் அடியில் டைட்டானியம் கவசம் போட ஆரம்பித்தது. உங்கள் மின்வண்டி அடியில் பலமாக அடி வாங்கி, எச்சரிக்கை வந்தாலோ புகை, நெடி ஏதாவது தெரிந்தாலோ, இறங்கி விலகி நில்லுங்கள்.

டீ குடிக்க நிறுத்தும்போது லாரி டிரைவர்களைக் கவனித்துப் பாருங்கள். டீ கிளாஸ் கைக்கு வருவதற்குள் ஒரு கம்பியால் டயர்களைத் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்துவிடுவார்கள். சத்தத்திலேயே எதில் காற்றுக் குறைவு என்று தெரியும். நமக்கு அந்தக் காது கிடையாது. புறங்கையால் நான்கு டயரையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால், அதில் காற்றுக் குறைந்திருக்கிறது, இல்லையென்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ரோட்டில் கிடக்கும் கல்லை எடுத்துப் போடும் நல்ல மனது பலருக்கு உண்டு. நான்குவழிச் சாலையில் அதற்காக இறங்கி ஓடாதீர்கள். 1033க்கே சொல்லுங்கள், ரோந்து வண்டி வந்து எடுக்கும். கேரியரில் சைக்கிளோ மெத்தையோ கட்டியிருந்தால் அது அடுத்தவர் ரோட்டில் கிடக்காதபடி கட்டுங்கள். இரண்டு கயிறு போட்டு, இருபது கிலோமீட்டருக்குப் பிறகு நிறுத்தி இழுத்துப் பாருங்கள். காற்றில் கயிறு தளராமல் இருக்காது.

டயர் மாற்றி முடித்ததும் முக்கோணத்தை எடுத்துவைக்க யாரும் மறப்பதில்லை, அது நம்முடைய பொருள். சக்கரத்துக்கு முட்டு வைத்த கல்லையும் எடுத்துச் சாலைக்கு வெளியே, புல்லில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.